பரீட்சை மீதி

பின்னேரம் நாலு மணிக்கு நெல்லியடிச் சந்தியில் நின்று பார்த்தால், ஊரின் பெரிய வியாபாரம் எதுவென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரக்கறிச் சந்தை காலையோடு களைத்துவிடும். ரியூசன் களைப்பதில்லை. பருத்தித்துறைப் பக்கமிருந்தும் கொடிகாமம் வீதியிலிருந்தும் கொப்பிகளைக் கரியரில் செருகிக்கொண்டு சைக்கிள்கள் வந்தபடியே இருக்கும். மதில்களில் ஒட்டிய விளம்பரங்களில் இணைந்த கணிதமும் உயிரியலும் பெரிய எழுத்தில் நிற்கும். கணக்கீடும் வணிகக் கல்வியும் பொருளியலும் அவற்றுக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

அந்தக் கொட்டில்களில் ஒன்றுக்குள் போய் இருந்தால் கரும்பலகையில் ஒரு கேள்வியைக் காணலாம்: வெற்றிகரமான தொழில் முயற்சியாளரின் பண்புகள் ஐந்து தருக. பிள்ளைகள் எழுதுவார்கள்: துணிவு, புத்தாக்கம், தன்னம்பிக்கை, தலைமைத்துவம், இடர் ஏற்றல். ஐந்து வந்ததும் பேனை நின்றுவிடும். தாங்கள் இருக்கும் அந்தக் கொட்டிலே ஒரு தொழில் முயற்சி என்பது பெரும்பாலும் ஒருவருக்கும் தோன்றாது. ஒருவர் காணியை வாடகைக்கு எடுத்திருக்கிறார், கிடுகோ தகரமோ போட்டிருக்கிறார், ஆசிரியரோடு வீதக் கணக்குப் பேசியிருக்கிறார், அண்ணன் தங்கை சேர்ந்து வந்தால் கட்டணத்தில் கழிவு கொடுக்கிறார், பரீட்சை முடிந்த மாதம் வருமானம் விழும் என்று முன்கூட்டியே காசு ஒதுக்குகிறார். பாடம் பலகையில் இருக்கிறது. அதன் உதாரணம் வாசலில் நின்று காசு வாங்குகிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்கச் சொல்லிப் பரீட்சை ஒருநாளும் கேட்டதில்லை.

கேள்வி பழையதுதான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு வியாபாரம் படிப்பிக்க முடியுமா? முடியுமென்றால் எதைப் படிப்பிப்பது, யாருக்குப் படிப்பிப்பது? இதில் இலங்கைக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதில் ஒரு பெரிய தோல்வியும் அடக்கம்.

இன்றைய நிலையை முதலில் பார்ப்போம். தரம் 10, 11இல் ‘வணிகக் கல்வியும் கணக்கீடும்’ ஒரு தெரிவுப் பாடம். ‘முயற்சியாண்மைக் கல்வி’ தனியாக இன்னொன்று. இரண்டும் புவியியல், குடியியற் கல்வி முதலியவை இருக்கும் அதே தொகுதியில் வருகின்றன. ஒன்றை எடுத்த பிள்ளை மற்றதை விடவேண்டும். தமிழ்நாட்டார் தொழில்முனைவு என்பதை நாங்கள் முயற்சியாண்மை என்கிறோம். அதிலுள்ள ஆண்மைக்கு ஆளுதல் என்றுதான் பொருள். ஆனாலும் போருக்குப் பிறகு பெண்களே தனித்து நடத்தும் குடும்பங்கள் இவ்வளவு உள்ள மாகாணத்தில் அந்தச் சொல் காதில் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு உண்டு. அது கணிதத்துக்கும் உயிரியலுக்கும் போகாதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. கெட்டிக்காரி ஒருத்தி விரும்பி வர்த்தகம் எடுத்தால், “ஏன் பிள்ளை, றிசல்ட் சரியில்லையோ?” என்று கேட்காத உறவினர் குறைவு.

பாடத்தின் உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பகுதி கணக்குப்பதிவு. முதற்பதிவேடு, பேரேடு, ஐந்தொகை, வங்கிக் கணக்கிணக்கம். வரவும் செலவும் சமப்படுகின்றனவா என்று பார்க்கும் பட்டியலுக்கு எங்கள் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் பரீட்சை மீதி. சோதித்துப் பார்க்கும் மீதி என்ற கருத்தில் வைத்தார்கள். பரீட்சைக்குப் பிறகு பிள்ளையிடம் மிஞ்சுவது என்ன என்று அதையே வேறுவிதமாகவும் வாசிக்கலாம். நானும் வர்த்தகம் படித்தவன்தான். பெறுமானத் தேய்வை இரண்டு முறையில் கணிக்கத் தெரிந்திருந்தது. மொத்த வியாபாரி ஒருவரிடம் முதன்முதல் சாமான் எடுக்கப் போனபோது, விலையை யார் முதலில் சொல்லவேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் பெறுமதியை எந்தப் பேரேட்டில் பதிவது?

கணக்குப்பதிவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு கடையின் கதையை ஒழுங்காக எழுதும் கலை அது. கடையைத் திறக்கும் கலை வேறு.

பாடசாலைக்குள் வியாபாரம் உண்மையாக நடக்கும் ஒரு நாள் உண்டு: மாணவர் சந்தை. ஆரம்பப் பிரிவுகளில் இது எங்கும் நடக்கிறது. பிள்ளைகள் முருங்கைக்காய், வாழைப்பொத்தி, கீரைக்கட்டு, பனங்கிழங்கு, புழுக்கொடியல் என்று வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து பரப்புவார்கள். அதிபரும் ஆசிரியரும் பெற்றோரும் வாங்குவார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும், படமெடுத்து முடித்துவிடுவார்கள். சிரிப்பும் ஆரவாரமுமாக அழகான நாள்தான். வாங்குபவர் அன்பினால் வாங்குகிறார், அதனால் விலையும் தரமும் கேள்விக்கு வருவதில்லை. பொருளும் வீட்டிலிருந்து வந்தது, அதனால் கொள்விலை பூச்சியம். நட்டப்படவே முடியாத சந்தை அது. ஆறு வயதுக்கு அது போதும். பதினாறு வயதுக்குப் போதாது.

பதினாறு வயதுக்கு வேண்டிய கணக்கு எப்படியிருக்கும்? எங்கள் பகுதியின் சொத்தான பருத்தித்துறை வடையையே எடுப்போம். உளுந்து, கோதுமை மா, மிளகாய்த்தூள், சீரகம், கறிவேப்பிலை, எண்ணெய். நூறு வடைக்குச் சாமான் 1,400 ரூபா, ஒரு வடை 20 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விற்றுவந்த காசு 2,000. இலாபம் 600 என்று பிள்ளை உடனே சொல்லும். அடுப்பெரித்த காஸ் 150 ரூபா என்று நினைவுபடுத்தினால் 450 என்று திருத்தும். அம்மா உளுந்து ஊறப்போட்டதிலிருந்து கடைசி வடையைப் பொரித்து எடுத்தது வரை நாலு மணித்தியாலம். மணிக்கு 150 ரூபா என்று மலிவாகப் போட்டாலும் 600. இப்போது கணக்கு 150 ரூபா நட்டம். வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருத்தி, “அம்மாவுக்கு ஏன் சேர் சம்பளம்?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று பாடவேளை நடத்தலாம். அம்மா செய்யாவிட்டால் ஆள் வைக்க வேண்டாமா? தட்டையாய், மொறுமொறுப்பாய் இருக்கும் இந்த வடை நாட்கணக்கில் கெடாது, ஆகவே விற்காமல் மிஞ்சியதும் நட்டமாகாது. கத்தரிக்காய்க்கு அது பொருந்துமா? பொதி செய்து கொழும்புக்கு அனுப்பினால் 20 ரூபாவை 30 ஆக்க முடியுமா, அதற்கு எவ்வளவு செலவாகும்? இதில் ஒன்றுக்கும் ஐந்தொகை தேவையில்லை. ஆனால் இதைச் செய்தவளுக்கு ஐந்தொகை பிறகு ஒருமுறை சொன்னால் விளங்கும்.

பழைய யாழ்ப்பாணத்தில் இந்தப் படிப்பு பள்ளிக்கு வெளியேதான் நடந்தது. காரைநகர், புங்குடுதீவுப் பெடியள் மீசை அரும்பும் முன்பே தென்னிலங்கைக் கடைகளுக்குப் போனார்கள். முதலில் கூட்டுவது, பிறகு பொட்டலம் கட்டுவது, பிறகு நிறுப்பது, பல வருடம் கழிந்துதான் காசு லாச்சிப் பக்கம். சிங்களம் வாடிக்கையாளரோடு பேசியே வந்தது. எவனுக்குக் கடன் கொடுக்கலாம், எவனுக்குச் சிரித்துக்கொண்டே மறுக்கலாம் என்பதை முதலாளியின் முகத்தைப் பார்த்துப் படித்தார்கள். பக்கத்து வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கடலும் கணக்கும் அங்கே ஒரே பள்ளிக்கூடம். அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டிருக்கவும் முடியாது. கடைப் பெடியன் படிப்பை இழந்தான், சம்பளமும் பல இடங்களில் முதலாளியின் தயவு. 1958, 1977, 1983 கலவரங்களில் அந்தக் கடைகள் பல எரிந்தபோது அந்தப் பள்ளியும் சேர்ந்து எரிந்தது.

பிறகு பொருளாதாரத் தடையின் காலம். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரமும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். மோட்டார்சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். ஊருக்கு ஊர் சவர்க்காரம் காய்ச்சினார்கள். புத்தாக்கம் என்று பாடநூல் வரைவிலக்கணம் தரும் பொருள் அன்று ஒவ்வொரு வளவிலும் இருந்தது. பாதை திறந்ததும் கொழும்புச் சாமான் வந்தது, அந்தத் தொழில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. தேவை இருந்தவரை கண்டுபிடிப்பு இருந்தது. சந்தையில் போட்டி என்று வந்தபோது பொதி, தரம், விலை, முதல் எதற்கும் ஆயத்தம் இருக்கவில்லை. இந்த இரண்டாவது பகுதிதான் பள்ளிக்கூடம் கைகொடுக்கக்கூடிய இடம் என்று நினைக்கிறேன். துணிவை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

அரசாங்கம் இதற்கு முன் முயன்றதில்லையா? முயன்றது. 1930களிலேயே கண்டிக்கருகே ஹந்தெஸ்ஸயில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை ஏட்டுக் கல்விக்குப் பக்கத்தில் செயன்முறைப் பள்ளிகளையும் முன்வைத்தது. மக்கள் எடுத்துக்கொண்டது இலவசக் கல்வியையும் ஆங்கிலத்தையும். செயன்முறையை அல்ல. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் கிளாக்கர் உத்தியோகம் மாதம் தவறாத சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சீதனச் சந்தையில் நல்ல விலையையும் தந்தது. கொழும்பிலிருந்து வரும் காசுக்கட்டளையை நம்பி ஊரே நடந்த காலத்தில், தும்புத்தடி செய்யப் பிள்ளையைப் பழக்குகிறோம் என்று வந்தவரை யார் வரவேற்பார்கள்?

பெரிய முயற்சி 1972இல் வந்தது. அதற்கு முதல் வருடம் ஏப்ரலில் தெற்கில் படித்த இளைஞர்களின் கிளர்ச்சி. அதே வருடம் டட்லி சீர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு வந்து, படிப்பு வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்று எழுதியது. புதிய பாடத்திட்டத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் கட்டாயமாயின. அந்தந்த ஊரின் தொழிலை, அது மீன்பிடியோ மட்பாண்டமோ தச்சோ, பிள்ளைகள் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி, செய்து படிக்கவேண்டும். சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்வித் தராதரப் பத்திரம் என்ற புதிய பரீட்சையும் வந்தது. தாளில் பார்த்தால் இன்றைக்கும் இதைவிடச் சிறந்த யோசனை கிடையாது. 1977இல் ஆட்சி மாறியதும் எல்லாம் போயிற்று.

ஏன் போயிற்று என்பதற்கு அரசியலை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர் 1976இல் பட்டநோய் பற்றி எழுதிய நூலில் இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டார். வேலைக்குத் தேவைப்படும் சான்றிதழ் ஏறிக்கொண்டே போகும் நாட்டில் எந்தப் பாடத்தைக் கொண்டுவந்தாலும் பரீட்சை அதை விழுங்கிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நடந்ததும் அதுதான். மட்பாண்டம் பற்றிய குறிப்புகளைப் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு முடிச்சு: தொழிலுக்குச் சாதி இருந்தது. தச்சும் மட்பாண்டமும் சீவலும் ‘அவர்கள்’ தொழில். வேளாளப் பெற்றோர் தங்கள் பிள்ளை அதைத் தொடுவதை விரும்பவில்லை. ஒடுக்கப்பட்ட பெற்றோருக்கோ, பரம்பரையாய்க் கட்டிவைத்த தொழிலிலிருந்து பிள்ளையை மீட்கத்தான் பள்ளிக்கூடம். அங்கேயும் அதே உளியா? இந்தக் கேள்வி நியாயமானது. இன்றைக்கு முயற்சியாண்மையைப் ‘படிப்பு ஏறாத’ பிள்ளைக்கு ஒதுக்கும் எந்தத் திட்டமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழும். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி சாதாரண தரத்தில் தவறியவருக்கும் தொழிற்பாட வழியைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வகுப்புக்குப் போகும் பிள்ளையின் நடையிலே ஒரு தயக்கத்தைக் காண்கிறேன்.

வெளியுலகத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1919இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸில் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ற் என்ற இயக்கத்தின் முறையே பல நாடுகளில் அடிப்படை. மாணவர்கள் சேர்ந்து சின்னக் கம்பனி அமைத்து, ஒரு பொருளைச் செய்து விற்று, வருட முடிவில் கலைத்துவிடுவார்கள். சுவீடனில் உயர்தரப் பாடசாலையில் இதைச் செய்தவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவர்கள் பிற்காலத்தில் தொழில் தொடங்கும் வாய்ப்பும் அதில் பெறும் வருமானமும் கூடியதாகக் கண்டது. தொழில் தாக்குப்பிடிக்கும் காலம் மட்டும் கூடவில்லை. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வு நேர்மாறு: திறனில் மாற்றமில்லை, தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தது. பலரும் இதைத் தோல்வி என்று வாசித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது தனக்கு ஒத்துவராது என்று பதினெட்டு வயதில், யாருடைய நகையையும் ஈடு வைக்காமல் தெரிந்துகொள்வது சின்ன இலாபமா? நுண்கடன் வாங்கிக் கோழிக்கூடு கட்டி, கோழியும் இல்லாமல் கடனும் தீராமல் நிற்கும் வீடுகள் வன்னியிலும் வடமராட்சியிலும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

உகண்டாவில் பாடசாலை முடிக்கும் மாணவருக்கு மூன்று கிழமை வதிவிடப் பயிற்சி கொடுத்து, மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது வருமானம் ஏறத்தாழ 30 வீதம் கூடியிருந்தது. டோகோவில் 1,500 சிறு தொழில் நடத்துவோரிடையே நடந்து 2017இல் வெளியான சோதனையில், வழமையான வணிகப் பயிற்சி குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. தானாக முன்வந்து செய்தல், தடை வந்தால் வேறு வழி தேடல் என்ற மனப்பழக்கத்தைக் கற்பித்த பயிற்சியோ இலாபத்தை 30 வீதம் உயர்த்தியது. டொமினிக்கன் குடியரசில் கடைக்காரருக்கு முறையான கணக்கீடு படிப்பித்ததில் பெரிய மாற்றம் வரவில்லை. வீட்டுக் காசையும் கடைக் காசையும் இரண்டு லாச்சியில் வை என்பது போன்ற எளிய விதிகளைச் சொல்லிக்கொடுத்ததில் வந்தது. இந்த இரண்டு லாச்சிப் பாடத்தை எங்கள் கிழவிகள் மடியில் இரண்டு முடிச்சுப் போட்டே நடத்தினார்கள்.

நமக்கு மிகக் கிட்டிய சான்று இலங்கையிலேயே எடுத்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூவரும் களுத்துறை, காலி, மாத்தறைப் பகுதிகளில் சிறு தொழில் நடத்துவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாவுக்குக் காசாகவோ பொருளாகவோ நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதம் ஏறக்குறைய ஐந்து வீத வருவாய் கிடைத்தது. ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்த உயர்வு தென்படவில்லை. பிறகு கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிலருக்கு 15,000 ரூபா மானியமும் கொடுத்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்கு வெறும் பயிற்சி இலாபத்தைக் கூட்டவில்லை. பயிற்சியோடு காசும் கிடைத்தவர்களுக்குச் சில மாதம் கூடிப் பிறகு கரைந்துவிட்டது. இன்னும் தொழில் தொடங்காத பெண்களுக்குத்தான் பயிற்சி பயன்பட்டது: விரைவாகத் தொடங்கினார்கள், தொடங்கியதையும் கூடிய இலாபத்தோடு நடத்தினார்கள். தொடங்கியவரைத் திருத்துவதைவிடத் தொடங்காதவரை ஆயத்தப்படுத்துவது பலன் தருகிறது என்றால், உயர்தர வகுப்பை விட நல்ல இடம் எது? அந்த வகுப்பில் பாதிக்குமேல் பெண்பிள்ளைகள் இருக்கும் பாடசாலைகள் எங்கள் பக்கம் எத்தனையோ.

டில்லி அரசு 2019இல் முயற்சியாண்மை மனப்பாங்குப் பாடத்தைத் தொடங்கி, 2021இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு ஆளுக்கு 2,000 ரூபா விதைக்காசும் கொடுத்தது. தொலைக்காட்சியில் மேடை, முதலீட்டாளர், கைதட்டல் என்று அது விரிந்தது. மேடைதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. வென்ற பிள்ளை கமராவுக்கு முன் நிற்கும்போது, 2,000 ரூபாவில் 1,400ஐத் தொலைத்த பிள்ளை என்ன கற்றது என்று யார் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ 2022இல் வந்தது. அது பெரும்பாலும் வேலைக்கு ஆயத்தம், வேறு கதை. யாழ்ப்பாணத்திலும் யாழ் ஐ.ரி. ஹப் போன்றவர்கள் இளையோருக்குப் போட்டிகளும் பயிற்சியும் நடத்துகிறார்கள். கணினிப் பக்கம் சாய்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல்.

ஒரு கண்டனத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. முயற்சியாண்மை, முயற்சியாண்மை என்று அரசு உச்சரிக்கும்போதெல்லாம், வேலை தரும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது கடை மூடியவர்களுக்குத் துணிவு போதாமல் இல்லை. மின்வெட்டும் எரிபொருளும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆகவே இந்தப் பாடம் நேர்மையாக இருக்கவேண்டுமானால், தனியாளின் கெட்டித்தனத்தோடு சந்தையின் அதிகாரத்தையும் சேர்த்துப் படிப்பிக்கவேண்டும்.

அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் மரக்கறியில் நூற்றுக்குப் பத்து என்று கழிவாக வியாபாரிகள் எடுப்பது நெடுநாள் வழக்கு. நிறுத்தச் சொல்லி விவசாயிகள் குரல் கொடுப்பதும், அதிகாரிகள் தடை விதிப்பதும், பிறகு பழையபடி தொடர்வதும் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். தரம் 10 பிள்ளையிடம் கொடுங்கள்: கிலோ 200 ரூபா வீதம் 100 கிலோ கத்தரிக்காய், 10 கிலோ கழிவு. தோட்டக்காரர் இழந்தது 2,000 ரூபா. சரி. வியாபாரி சொல்லும் அழுகலும் ஏற்றியிறக்கலும் எவ்வளவு? அது பத்துக் கிலோவா, நாலா? பத்துத் தோட்டக்காரர் சேர்ந்து ஒரு தராசு வாங்கினால் என்ன நடக்கும்? ஒருவர் மட்டும் மறுத்தால் என்ன நடக்கும்? வகுப்பிலே தோட்டக்காரரின் மகனும் இருப்பான், வியாபாரியின் மகளும் இருப்பாள். கூட்டுறவு என்ற சொல் பாடநூலின் வியாபார அமைப்புகள் பற்றிய அலகில் உயிரில்லாமல் கிடக்கிறது. இந்த விவாதத்தில் அது தானாக எழுந்து நிற்கும்.

நெல்லியடியில் செய்யக்கூடியது பெரிய திட்டம் ஒன்றுமல்ல. கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் ஒரு குழு. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து மண்டபமும் மதிலும் கட்டக் காசு அனுப்புகின்றன. அதில் ஒரு துளி, திருப்பித் தரவேண்டிய ஆனால் வட்டியில்லாத காசாக. இரண்டு தவணை நடக்கட்டும், ஒரே நாள் சந்தையாக வேண்டாம். வாங்குபவர் அதிபராகவும் பெற்றோராகவும் இருக்கக்கூடாது, முகம் தெரியாத ஆளாக இருக்கவேண்டும். ரியூசனோடு மோதாத நேரம் என்று பார்த்தால் ஞாயிறு காலைகூடக் கிடைக்காது, அதுதான் உண்மையான தடை. புள்ளி போடவேண்டாம். போட்டால் ஐந்து பண்புகள் திரும்பி வந்துவிடும். நட்டப்பட்டால் அதை மறைக்காமல் எழுதுவதற்கு மட்டும் ஒரு கொப்பி.

அந்தக் கொப்பியின் முதல் பக்கங்களில் என்ன வரும் என்று ஊகிக்கலாம். வடையோ, பனங்கட்டிப் பொதியோ, சைக்கிள் திருத்தமோ, எதுவானாலும் முதல் வாடிக்கையாளர் சொந்தக்காரராகத்தான் இருப்பார். மாமா ஒருவர் பத்துப் பொதி எடுத்துக்கொண்டு, “காசு பிறகு தாறன் பிள்ளை” என்று போவார். தை போய் மாசி வரும், காசு வராது. அறவிடமுடியாக் கடனை இலாப நட்டக் கணக்கில் எழுதுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும், பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். மாமாவின் பெயரை அதில் எழுதுவதா, அல்லது இந்த முறை கல்யாண வீட்டில் காணும்போது கேட்பதா என்று பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாள்.